சீரியல் டப்பா அட்டை

ஸ்பீச் தெரபிஸ்ட் கொடுத்த பலகையில்
ஆங்கில எழுத்து இருபத்தாறு.
அதில் செண்பகவல்லி கண்ணால் சொன்னது
தண்ணியா, தனியா என்று
எனக்கு விளங்கவில்லை.
உதட்டை நனைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.
இரண்டும் இல்லாமல்
வேறேதோவாகவும் இருந்திருக்கலாம்.

"உங்கள் மொழியில் எத்தனை எழுத்து?"
இருநூற்று நாற்பத்தேழு என்றேன்.
அந்தப் பெண் சிரித்துவிட்டு
உடனே மன்னிப்புக் கேட்டாள்.

அன்று ராத்திரி
சீரியல் டப்பாவைப் பிரித்து
உள்பக்கச் சாம்பலில்
பதினெட்டை மேலேயும்
பன்னிரண்டைக் கீழேயும் எழுதினேன்.
ஆய்தத்துக்கு இடமில்லை.
ஓரத்தில் மூன்று புள்ளி வைத்தேன்.
ஏதோ சாமி குறி என்று நினைத்து
மரிசெல் அதை மட்டும்
டிஷ்யூவால் துடைக்காமல் விடுகிறாள்.

முறை இதுதான்.
நான் விரலை நகர்த்துவேன்.
வேண்டிய இடத்தில் அவள் கண்ணை உயர்த்துவாள்.
முதலில் மெய், அப்புறம் உயிர்.
கண்ணைத் தவிர அவள் மெய்யில்
வேறெதுவும் இப்போது சொல்பேச்சுக் கேட்பதில்லை.

யாருக்கும் வேண்டாத ங்-வை
முதல் நாள் தாண்டிப் போனேன்.
திருப்பிக் கூப்பிட்டன கண்கள்.
இங்க வா.
சொல்லி முடிக்க நாலு நிமிஷம்.
கட்டிலுக்கு ஓரடி தள்ளித்தான்
உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்கு வினிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
காரை பிளக்கில் மாட்டிவிட்டு
உள்ளே வர நேரமாகிவிட்டது.
"சாப்டாச்சு" என்றேன் நுழைந்ததும்.
அவள் வயிற்றில் குழாய் வைத்த நாளிலிருந்து
அவள் முன்னால் எதையும் மெல்வதில்லை நான்.
கேட்க முடியாத கேள்விக்கு
தினமும் ஒரே பதில்.
ரசம், அப்பளம், கொஞ்சம் கத்திரிக்காய் என்று
மெனுவும் சொன்னேன்.
கார் சீட்டில் பாதி கிரானோலா பார்
கல்லாய்க் கிடக்கிறது.

அட்டையைப் பார்த்தாள். எடுத்தேன்.
ப்.
கீழ் வரிசையில் ஓ.

போ.

மூச்சு மெஷின் இழுத்து, விட்டு, இழுத்தது.
போர்வையா?
கண் அசையவில்லை.
மிச்சம் இருக்கிற சொல் எனக்குத் தெரியும்.
அக்டோபரில் டாக்டர் எங்களை வைத்துக்கொண்டு
மெதுவாகப் பேசினாரே, அன்றிலிருந்து
என் தலையணைக்கு அடியில் இருப்பது.
அதன் அடுத்த எழுத்து த்.
பார்க்காமலே தெரியும், ஏழாவது.

விரலை க்-வில் வைத்தேன்.
எடுக்க மனசு வரவில்லை.
ங்.
ச்.
ஞ்.
ட்.
கண் உயர்ந்தது.
ட்-டா? நிஜமாகவா? த் இல்லையே?
ட்.
கீழே வந்தேன். அ, இல்லை.
ஆ.

போடா.

இருபத்தொன்பது வருஷத்தில்
கதவைச் சாத்திய பிறகு மட்டும் சொன்னது.
பொய் சொல்லி மாட்டிக்கொண்டால்,
உடைந்த சூட்கேஸைத் தள்ளுபடியில் வாங்கி வந்தால்.
வெளியே 'என்னங்க'தான்,
அதுவும் பாதி முழுங்கி.

எப்படிச் சிரித்தேனோ,
மரிசெல் ஓடி வந்துவிட்டாள்.
"வலி?" என்றாள்.
அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்.
இல்லை, என்னைத் திட்டுகிறாள் என்றேன்.
"குட்," என்று போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

அட்டையை மடக்கப் பார்த்தேன்.
இன்னும் முடியவில்லை என்றது கண்.
இந்தத் தடவை ஏழாவதிலேயே நின்றாள்.
என் விரல் ஒட்டிக்கொண்டது.
அ. ஆ.
இ.
அப்புறம் கடைசிவரை போய் ன்.
மீதிக்குக் காத்திராமல் எழுந்துவிட்டேன்.

கீழே மெஷினில்
முட்டை சாண்ட்விச்தான் இருந்தது.
பிரித்தபோது அறையெல்லாம் வாசனை.
ஜன்னல் பக்கம் திரும்பினேன்,
பிறகு நாற்காலியை
அவளைப் பார்த்துப் போட்டுக்கொண்டேன்.
ரொட்டி சில்லென்று இருந்தது.
கடைசி வாய் வரைக்கும்
அவள் கண்ணை எடுக்கவில்லை.